படை திரும்பிய பின்

நுழையும்முன்

போர் தொடங்கிய நாளை வரலாறு தவறாமல் குறித்து வைக்கிறது. அப்போர் முடிந்தபின் ஒரு நாட்டின் எண்ணத்திலும் நடத்தையிலும் நிகழும் மாற்றம் அத்துணை எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மக்களின் ஆதரவை இழந்த ஒரு போரிலிருந்து மீளும் நாடு, அண்டை நாடுகளோடு தான் கொண்ட உறவையே புதிதாக எழுதிக்கொள்ள நேர்கிறது. 1987 முதல் 1990 வரை இலங்கையில் நிலைகொண்டிருந்த இந்திய அமைதி காக்கும் படையின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அவ்வரலாற்றின் விளைவுகள் தலைநகரங்களோடு நின்றுவிடவில்லை. போடிநாயக்கனூரின் ஏலமலைச் சரிவுகள் வரை அவை வந்து சேர்ந்ததை இப்பாடம் விளக்குகிறது.

மலைச்சரிவும் வெளியுறவும்

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த நகரம் போடிநாயக்கனூர். அங்கிருந்து போடிமெட்டு வழியாக ஏறும் மலைச்சாலை, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள ஏலமலைகளைச் சென்றடைகிறது. உயர்ந்த மரங்களின் நிழலில் ஏலச்செடிகள் வளர்கின்றன. அம்மரங்களைப் பற்றிக்கொண்டு மிளகுக்கொடிகள் படர்கின்றன. விடியலில் ஜீப்புகளில் மலையேறும் தொழிலாளர்கள், மாலையில் அடிவாரத்து ஊர்களுக்குத் திரும்புகின்றனர். பறித்த ஏலக்காய் உலர்த்தித் தரம் பிரிக்கப்பட்டு, நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏற்பாட்டில் போடியில் நடைபெறும் மின்னணு ஏலத்தில் விலை பெறுகிறது. அங்கிருந்து வட இந்தியச் சந்தைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கிறது.

ஒரு மலைச்சரிவுக்கும் நாட்டின் வெளியுறவுக் கொள்கைக்கும் என்ன தொடர்பு என்ற வினா எழலாம். மூன்று இழைகள் இவ்விரண்டையும் பிணைக்கின்றன.

முதல் இழை மக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி முதலிய வறண்ட சமவெளிகளிலிருந்து பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர்களுள் ஒரு பகுதியினர் மேற்கே உள்ள மலைத்தோட்டங்களுக்குச் சென்றனர். மற்றொரு பகுதியினர் கடல்கடந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றனர். மலைக்குச் சென்றவர்கள் மாநில எல்லையைக் கடந்தாலும் இந்தியக் குடிமக்களாகவே இருந்தனர். கடல் கடந்தவர்களின் வாழ்வோ இரு நாட்டு அரசுகளின் பேச்சுக்குரிய பொருளாயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், ஏறத்தாழ 9,75,000 மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள இசைந்தன. ஒரே சமவெளியிலிருந்து புறப்பட்ட இரு குடும்பங்களுள் ஒன்றின் குடியுரிமையை அயலுறவுப் பேச்சு தீர்மானித்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இரண்டாம் இழை சந்தை. ஏலமும் மிளகும் உள்ளூர்ப் பயிர்கள். அவற்றின் விலையோ உலகு தழுவியது. குவாத்தமாலாவின் விளைச்சல், வளைகுடாவின் அமைதி, இறக்குமதி வரி ஆகிய யாவும் போடியின் ஏல அரங்கில் எதிரொலிக்கின்றன.

மூன்றாம் இழை வாக்கு. வெளியுறவு நம் அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் அமைந்தது. ஆயினும் தமிழ்நாட்டின் தேர்தல்களில் இலங்கைச் சிக்கல் நீங்கா இடம் பெற்றிருந்தது. 1989 ஜனவரியில் நடைபெற்ற தேர்தலில் போடிநாயக்கனூர்த் தொகுதி ஜெ. ஜெயலலிதாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அவர் எதிர்க்கட்சித் தலைவரானார், மு. கருணாநிதி முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். இந்தியப் படை இலங்கையில் தொடர வேண்டுமா, திரும்ப வேண்டுமா என்னும் வினா சூடுபிடித்த ஆண்டும் அதுவே.

உடன்பாடும் படையும்

1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்முறை, இந்தியாவின் இலங்கைக் கொள்கையை அடியோடு மாற்றியது. அதன்பின் இந்தியா இருவகைப் பங்கு வகித்தது. ஒருபுறம் நடுவராக நின்று 1985இல் திம்புவில் பேச்சுக்கு வழிவகுத்தது; மறுபுறம் தமிழ்ப் போராளி இயக்கங்களுக்குப் பயிற்சியும் உதவியும் நல்கியது. இவ்விரு பங்குகளும் ஒன்றோடொன்று முரண்பட்டவை என்பது பின்னரே வெளிப்பட்டது.

1987ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வடமராட்சியில் இலங்கைப் படையின் தாக்குதல் தீவிரமடைந்தது. ஜூன் 4ஆம் நாள் இந்திய வானூர்திகள் யாழ்ப்பாணத் தீபகற்பத்தின்மீது உணவுப் பொருள்களை இறக்கின. ‘பூமாலை’ எனப் பெயரிடப்பட்ட அந்நடவடிக்கை, இந்தியா வாளாவிருக்காது என்பதைக் கொழும்புக்கு உணர்த்தியது. ஜூலை 29ஆம் நாள் இந்தியத் தலைமையமைச்சர் இராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் கொழும்பில் இந்திய – இலங்கை உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் இராஜீவ் காந்தியைத் தாக்கினார். உடன்பாட்டின் மை உலருமுன்னரே அதற்கு எதிர்ப்பு எத்துணை ஆழமானது என்பதை அந்நிகழ்வு காட்டிற்று.

இலங்கையின் ஒருமைப்பாடு, வடக்கு – கிழக்கு மாகாணங்களின் தற்காலிக இணைப்பு, மாகாண சபைகளுக்கு அதிகாரப் பகிர்வு, தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி, போராளிகளின் ஆயுத ஒப்படைப்பு ஆகியவற்றை உடன்பாடு கூறியது. அதனோடு இணைந்த கடிதங்கள் இந்தியாவின் பாதுகாப்பு நலன்களைப் பேசின. திருகோணமலை முதலிய துறைமுகங்கள் இந்தியாவுக்கு ஊறு விளைவிக்கும் வகையில் பிற நாட்டுப் படைகளுக்குத் தரப்படலாகாது என்பதும், திருகோணமலை எண்ணெய்க் கிடங்குகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைக்கும் என்பதும் அவற்றுள் அடங்கும். ஆகவே ஈழத்தமிழரின் காப்பும் இந்தியப் பெருங்கடலில் இந்தியாவின் முதன்மையும் ஒரே ஆவணத்தில் பின்னிக் கிடந்தன.

அமைதியை நிலைநாட்டச் சென்ற படை, இரண்டரைத் திங்களுக்குள் போரிடும் படையாக மாறியது. திலீபன் உண்ணாநோன்பிருந்து 1987 செப்டம்பர் 26ஆம் நாள் உயிர்நீத்தார். அக்டோபர்த் தொடக்கத்தில் பிடிபட்ட புலிகளின் தளபதிகள் நஞ்சுண்டு மாண்டனர். அம்மாதமே இந்தியப் படைக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் இடையே முழு அளவிலான போர் மூண்டது.

ஆதரவு இழந்த போர்

ஒரு போர் மக்களின் ஆதரவை இழப்பது தோல்வியால் மட்டும் அன்று. எதற்காகப் போரிடுகிறோம் என்பதை விளக்க இயலாத நிலையே அதற்கு முதற் காரணம். இலங்கையில் இந்தியப் படை ஒரே வேளையில் மூன்று மக்கள் திரளின் நம்பிக்கையை இழந்தது.

முதலாவது, ஈழத்தமிழர். மலர் தூவி வரவேற்ற அவர்களே, யாழ்ப்பாணச் சண்டையில் பொதுமக்கள் மாண்டபின் படையை அஞ்சலாயினர். 1987 அக்டோபர் 21ஆம் நாள் யாழ்ப்பாண மருத்துவமனையில் மருத்துவர்களும் செவிலியரும் நோயாளிகளும் கொல்லப்பட்டமை ஆறா வடுவாயிற்று. இரண்டாவது, சிங்களர். அயல்நாட்டுப் படை தம் மண்ணில் நிற்பதை இறைமைக்கு இழுக்காகக் கருதிய அவர்களது மனநிலையை மக்கள் விடுதலை முன்னணி ஆயுதக் கிளர்ச்சியாக வளர்த்தது. மூன்றாவது, இந்திய மக்கள், சிறப்பாகத் தமிழ்நாட்டு மக்கள். தமிழரைக் காக்கச் சென்ற படை தமிழரோடு போரிடுவதை அவர்களால் ஏற்க இயலவில்லை.

படைவீரர்களின் நிலையும் இரங்கத்தக்கதே. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அத்தீவில் நிறுத்தப்பட்டிருந்தனர். ஏறத்தாழ 1,200 பேர் உயிர்நீத்தனர். அவர்களுள் ஒருவரான மேஜர் இராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பர் 25ஆம் நாள் காட்டிய வீரத்துக்காக, இறப்புக்குப்பின் பரம்வீர் சக்ரா விருது பெற்றார். வீரத்தில் குறையில்லை, அவ்வீரம் எந்த அரசியல் இலக்கை நோக்கிச் செலுத்தப்பட்டது என்பதிலேதான் தெளிவில்லை. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் இவ்வரிசையிலேயே அடுத்தடுத்து நிற்கின்றன. ஆராய்ந்து தெளிதல் முன்னும், வலிமையை அளவிடுதல் அதன் பின்னும் வைக்கப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. இலங்கையில் வலிமை முந்தியது, தெளிவு பின்தங்கியது.

திரும்பிய வழி

1988 டிசம்பரில் நடந்த தேர்தலில் வென்று இலங்கைக் குடியரசுத் தலைவரான இரணசிங்க பிரேமதாசா, 1989 ஜூன் 1ஆம் நாள், ஜூலை இறுதிக்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று அறிவித்தார். அவரது அரசு புலிகளோடும் நேரடிப் பேச்சைத் தொடங்கியிருந்தது. தன்னை அழைத்த அரசே வெளியேறச் சொல்லும் நிலையில், அடக்கச் சென்ற இயக்கம் அவ்வரசோடு பேசும் நிலையில், இந்தியப் படை அங்கு நிற்பதற்குரிய அடிப்படையே தளர்ந்தது. செப்டம்பரில் இரு நாடுகளும் வெளியேற்றக் கால அட்டவணைக்கு இசைந்தன. டிசம்பரில் பதவியேற்ற வி.பி. சிங் அரசு அதனை விரைவுபடுத்தியது. 1990 மார்ச் 24ஆம் நாள் இறுதி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய படையை வரவேற்க முதலமைச்சர் செல்லவில்லை. நாட்டின் ஆணைப்படி சென்ற வீரர்க்கு உரிய வரவேற்பு இல்லை என வருந்தியோரும் இருந்தனர். தமிழரின் துயரை எண்ணி அம்முடிவைச் சரியெனக் கொண்டோரும் இருந்தனர்.

படை திரும்பியதால் அமைதி வரவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏதிலியர் தமிழ்நாட்டுக் கரைகளை அடைந்தனர். 1991 மே 21ஆம் நாள் இராஜீவ் காந்தி திருப்பெரும்புதூரில் படுகொலை செய்யப்பட்டார். 1992 மே மாதம் புலிகள் இயக்கத்தை இந்தியா தடை செய்தது. போர் முடிந்த நாளும் அதன் விளைவுகள் முடியும் நாளும் வேறு வேறு என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

தெரிந்து தெளிவோம்

1987 ஜூலை 29 – இந்திய – இலங்கை உடன்பாடு
1987 அக்டோபர் – புலிகளுடன் போர் தொடக்கம்
1989 ஜூன் 1 – வெளியேறுமாறு பிரேமதாசா அறிவிப்பு
1990 மார்ச் 24 – இந்தியப் படையின் இறுதி அணி வெளியேற்றம்
1998 டிசம்பர் 28 – இந்திய – இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம்
2009 மே – இலங்கை உள்நாட்டுப் போரின் முடிவு

மாறிய கொள்கை

இந்தியாவின் வெளியுறவுக் கொள்கையில் இதனால் நேர்ந்த மாற்றங்களை நான்காகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, படையனுப்பும் கொள்கையில் வந்த கட்டுப்பாடு. 1971இல் வங்கதேசத்திலும் 1988 நவம்பரில் மாலத்தீவிலும் இந்தியப் படை தன் பணியை முடித்து விரைந்து திரும்பியது. இலங்கைப் பட்டறிவுக்குப் பின்னர், உள்நாட்டுப் போர் நிகழும் அயல்நாட்டுக்குத் தனித்துப் படை அனுப்ப இந்தியா முன்வரவில்லை. 2000ஆம் ஆண்டில் ஆனையிறவை இழந்து இலங்கை அரசு நெருக்கடியில் சிக்கியபோது, படை உதவிக்கு வாஜ்பாய் அரசு இசையவில்லை; மனித நேய உதவிக்கு மட்டும் முன்வந்தது. 2003 ஜூலையில், ஈராக்குக்குப் படை அனுப்புமாறு அமெரிக்கா கேட்டபோதும் இந்தியா மறுத்தது, ஐ.நா. அவையின் வெளிப்படையான ஆணை இருந்தாலன்றி அதுபற்றி எண்ண இயலாது என்றது. அதே வேளையில் சோமாலியா, சியரா லியோன், காங்கோ முதலிய நாடுகளில் ஐ.நா. கொடியின்கீழ் இந்திய வீரர்கள் பணியாற்றினர். எனவே இந்தியா உலகப் பொறுப்பைக் கைவிடவில்லை. எக்கொடியின்கீழ்ச் செல்வது என்பதையே மாற்றிக்கொண்டது.

இரண்டாவது, இரட்டைப் பங்கைக் கைவிட்டமை. ஒரு கையால் போராளிகளை வளர்த்து மறுகையால் அரசோடு பேசும் முறை முடிவுக்கு வந்தது. புலிகள் மீதான தடைக்குப்பின் இந்தியா கொழும்பு அரசோடு மட்டுமே உறவாடியது. அமைதிப் பேச்சின் நடுவராக நார்வே அமைந்தது. 2002 பிப்ரவரியில் உருவான போர்நிறுத்தம் அந்நாட்டின் முயற்சியால் விளைந்தது.

மூன்றாவது, அண்டை நாடுகளை நோக்கும் பார்வையில் வந்த மாற்றம். படை திரும்பியபோது வெளியுறவு அமைச்சராயிருந்த ஐ.கே. குஜ்ரால், 1996இல் மீண்டும் அப்பொறுப்பை ஏற்றபோது வகுத்த ஐந்து நெறிகள் ‘குஜ்ரால் கோட்பாடு’ எனப்படுகின்றன. அவை வருமாறு:

1. வங்கதேசம், பூட்டான், மாலத்தீவு, நேபாளம், இலங்கை ஆகிய அண்டை நாடுகளிடம் இந்தியா கைம்மாறு எதிர்பாராது இயன்றதைச் செய்தல்.
2. தெற்காசிய நாடு எதுவும் தன் மண்ணை மற்றொரு நாட்டுக்கு எதிராகப் பயன்படுத்த இடந்தராமை.
3. பிற நாட்டின் உள் விவகாரங்களில் தலையிடாமை.
4. ஒருவர் மற்றவரின் நில ஒருமைப்பாட்டையும் இறைமையையும் மதித்தல்.
5. சிக்கல்களை அமைதி வழியில், இருதரப்புப் பேச்சால் தீர்த்துக்கொள்ளுதல்.

இரண்டாம், மூன்றாம் நெறிகளை 1980களின் இலங்கைக் கொள்கையோடு ஒப்பிட்டு நோக்கினால், அவை கடந்த காலத்துக்கு எழுதப்பட்ட விடை போலவே அமைந்திருப்பதை உணரலாம். 1996 டிசம்பரில் வங்கதேசத்தோடு கையெழுத்தான கங்கை நீர்ப் பகிர்வு ஒப்பந்தம் இப்பார்வையின் விளைவே.

நான்காவது, கருவியின் மாற்றம். படையால் பெற முயன்றதை வணிகத்தாலும் முதலீட்டாலும் உதவியாலும் பெற இந்தியா முயன்றது. 1987ஆம் ஆண்டுக் கடிதங்களில் இடம்பெற்ற திருகோணமலை எண்ணெய்க் கிடங்குகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. படை அங்கு நின்ற காலத்தில் கைகூடாத அத்திட்டம், 2003இல் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளை அக்கிடங்குகளின் ஒரு பகுதியைப் பயன்படுத்தத் தொடங்கியதன் வாயிலாக உருப்பெற்றது. 2022 ஜனவரியில் கூட்டு முயற்சியாக விரிவடைந்தது.

இம்மாற்றங்கள் அனைத்துக்கும் இலங்கைப் போரே காரணம் எனக் கூறுவது மிகையாகும். சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சி, 1991இன் அந்நியச் செலாவணி நெருக்கடி, அதனைத் தொடர்ந்த பொருளாதாரச் சீர்திருத்தம் ஆகியனவும் இந்தியாவைப் புதிய திசையில் செலுத்தின. சீர்திருத்தம் வணிகத்தின் வாயிலைத் திறந்தது. இலங்கைப் பட்டறிவு படையெடுப்பின் வாயிலை அடைத்தது. இவ்விரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமையே மாற்றத்தை நிலைபெறச் செய்தது.

பிற நாடுகளின் பட்டறிவு

இத்தகைய மாற்றம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. வியட்நாம் போரில் அமெரிக்காவின் பங்கை முடிவுக்குக் கொண்டுவந்த பாரிசு உடன்பாடு 1973 ஜனவரியில் கையெழுத்தானது. அவ்வாண்டே கட்டாயப் படைச்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. குடியரசுத் தலைவரின் போரதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் தீர்மானத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அல்ஜீரியப் போரை 1962இல் முடித்த பிரான்சு, அதனால் விடுபட்ட வலிமையைக் கொண்டு தனக்கென ஒரு தனிப்போக்கை வகுத்து, 1966இல் நேட்டோவின் கூட்டுப் படைத்தலைமையிலிருந்து விலகியது. ஆப்கானித்தானிலிருந்து 1989 பிப்ரவரி 15ஆம் நாள் வெளியேறிய சோவியத் ஒன்றியம், அவ்வாண்டின் இறுதியில் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் தன் பிடியிலிருந்து விலகியபோது படையை ஏவவில்லை.

இந்நாடுகளோடு இந்தியாவை ஒப்பிடுகையில் ஒரு வேறுபாடு புலனாகிறது. அமெரிக்கா தன் பாடத்தைச் சட்டமாக எழுதியது. இந்தியா சட்டம் எதுவும் இயற்றவில்லை. அப்பாடம் வழக்கமாகவும் நினைவாகவும் நின்றது. நினைவு வலிமை மிக்கது. எனினும் தலைமுறை மாறும்போது மங்கக்கூடியது. ஆகவே அதனைக் கற்றலும் கற்பித்தலும் தேவையாகின்றன.

மிளகுக்கொடியில் வெளியுறவு

படைக்கு மாற்றாக வணிகம் வந்தபோது, அதன் தாக்கத்தை ஏலமலைச் சரிவுகள் நேரே உணர்ந்தன. 1998 டிசம்பர் 28ஆம் நாள் தலைமையமைச்சர் வாஜ்பாயும் இலங்கைக் குடியரசுத் தலைவர் சந்திரிகா குமாரதுங்காவும் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 2000 மார்ச்சு முதல் அது நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டுகளுக்குமுன் படைவீரர்கள் கடந்த அதே கடலை இப்போது சரக்குப் பெட்டிகள் கடந்தன.

இலங்கையிலும் மிளகு விளைகிறது. சலுகை வரியில் அம்மிளகு இந்தியச் சந்தைக்கு வந்தபோது இடுக்கி, வயநாடு, குடகு ஆகிய பகுதிகளின் விவசாயிகள் கவலையுற்றனர். வேறு நாட்டு மிளகும் இலங்கை மிளகு என்னும் பெயரில் நுழைகிறது என்பது அவர்களின் முறையீடு. ஏலம் விலை குறையும் ஆண்டில் மிளகே குடும்பத்தைத் தாங்கும் என்பதால், ஏலமலையின் சிறு விவசாயிக்கு இது வாழ்வாதாரச் சிக்கல். மிளகு இறக்குமதிக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் எனக் குறைந்தபட்ச விலையை 2017 டிசம்பரில் இந்திய அரசு வரையறுத்தது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை எளியது. அமைதிக்கும் விலை உண்டு. அவ்விலையை யார் தருகிறார் என்பதே வினா. போரின் விலையை வீரரும் பொதுமக்களும் உயிராகத் தந்தனர். வணிக உறவின் விலையில் ஒரு பங்கை மலைச்சரிவின் விவசாயி வருவாய் இழப்பாகத் தருகிறார். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் ஆகாது. ஆயினும், அண்டை நாட்டோடு நல்லுறவு பேணும் அரசு, அந்நல்லுறவின் சுமையைத் தாங்கும் தன் குடிமக்களையும் பேணக் கடமைப்பட்டுள்ளது.

ஒதுங்கியிருத்தலின் விலை

தலையிடாமை எப்போதும் நன்மையே பயக்கும் என்று கொள்ளவும் இயலாது. 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து திங்களில், வன்னியின் குறுகிய நிலப்பரப்பில் பல்லாயிரம் தமிழர் உயிரிழந்தனர். போரை நிறுத்தச் செய்யுமாறு தமிழ்நாட்டில் எழுந்த குரல் தில்லியின் முடிவை மாற்றவில்லை. ஒருகாலத்தில் மிகையாகத் தலையிட்ட நாடு, மற்றொரு காலத்தில் தன் செல்வாக்கையும் முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்ற திறனாய்வு இன்றும் உண்டு. போருக்குப்பின் இலங்கையில் சீனாவின் முதலீடு பெருகியது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் சென்றது. பிற நாட்டுப் படைகள் இலங்கைத் துறைமுகங்களில் காலூன்றலாகாது என்று 1987இல் இந்தியா எழுதி வாங்கிய கவலை, வேறொரு வடிவில் மீண்டும் தலைதூக்கியது.

ஆகவே, படையெடுப்புக்கும் பாராமுகத்துக்கும் இடைப்பட்ட வழிகளைத் தேடுவதே கொள்கையின் பணியாயிற்று. 2010க்குப்பின் இலங்கையில் போரால் வீடிழந்தோர்க்கும் மலையகத் தோட்டத் தொழிலாளர்க்குமாக 50,000 வீடுகள் கட்டும் திட்டத்தை இந்தியா மேற்கொண்டது. மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் 2017இல் அறிவிக்கப்பட்டன. உடன்பாட்டின் வழி உருவான பதின்மூன்றாம் சட்டத்திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துமாறு இந்தியா இன்றும் வலியுறுத்தி வருகிறது. படையால் நிலைநாட்ட இயலாத அதிகாரப் பகிர்வை, பேச்சால் நினைவூட்டிக்கொண்டிருக்கும் நிலை இது.

2022இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது, இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் மதிப்புள்ள உதவியை வழங்கியது. தமிழ்நாடு அரசும் 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, மருந்துகள் ஆகியவற்றை ஒன்றிய அரசின் இசைவோடு அனுப்ப முன்வந்தது. அவற்றை ஏற்றிய முதற்கப்பல் மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. சிங்களர், தமிழர், முசுலிம்கள் என்னும் வேறுபாடின்றி அவ்வுதவி சேர்ந்தது. வெளியுறவில் மாநிலத்தின் குரல் எதிர்ப்பாக மட்டுமின்றி ஆக்கமாகவும் ஒலிக்கக்கூடும் என்பதை அக்கப்பல் காட்டியது.

முடிவுரை

மக்கள் ஏற்காத போரை முடித்தல் தோல்வியை ஒப்புக்கொள்வதாகக் கருதப்படுவது உண்டு. உண்மையில் அது ஒரு நாடு தன் வலிமையின் எல்லையை அறிந்துகொள்ளும் தருணம். அறிந்ததைக் கொள்கையாக்கும் நாடு முதிர்ச்சி பெறுகிறது. மறக்கும் நாடு அதே வழியில் மீண்டும் செல்கிறது. இலங்கைப் பட்டறிவு இந்தியாவுக்கு இரு பாடங்களை வழங்கியது. அயல்நாட்டு மக்களின் இசைவின்றி அங்கு அமைதியைத் திணிக்க இயலாது என்பது முதற்பாடம். சொந்த மக்களின் இசைவின்றி எந்த வெளியுறவுக் கொள்கையும் நெடுநாள் நிற்காது என்பது இரண்டாம் பாடம். தலைநகரில் எழுதப்படும் ஒப்பந்தத்தின் ஒரு வரி, ஏலமலைச் சரிவில் மிளகு பறிப்பவரின் கூலியையும், கடலுக்கு அப்பால் தேயிலை கிள்ளுபவரின் வீட்டுக்கூரையையும் தொடுகிறது. அவ்வரியைப் படித்து வினவும் குடிமக்களே ஒரு நாட்டின் வெளியுறவுக்கு உறுதியான காவலர் ஆவர்.

கற்பவை கற்றபின்

1. குஜ்ரால் கோட்பாட்டின் ஐந்து நெறிகளை 1980களில் இந்தியா பின்பற்றிய இலங்கைக் கொள்கையோடு ஒப்பிட்டு அட்டவணை உருவாக்குக.
2. ‘தலையிடுதலும் தவறு, தலையிடாமையும் தவறு’ – இலங்கைச் சிக்கலில் இக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பது குறித்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
3. உங்கள் பகுதியில் விளையும் ஒரு பொருளின் விலை, பிற நாடுகளோடு இந்தியா கொண்ட உறவால் எவ்வாறு மாறுகிறது என்பதை விவசாயிகளிடமும் வணிகர்களிடமும் கேட்டறிந்து கட்டுரையாக்குக.